கொடிக்கொரு கொழுகொம்பு

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவு. சித்தூர் 1911-ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தோடு இணைந்திருந்த ஊராகும். வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் அங்கே இன்றும் உள்ளன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் உயர்கல்விக்குத் திருப்பதியை நாடுகின்றனர். 1954-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015-இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அந்நகரைச் சார்ந்தே அமைந்துள்ளன.

அவ்வாறு சென்று விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் இருந்தவரை அன்னை அவரை எழுப்பினார். பாட்டி உணவுக்கு அழைத்தார். ஆசிரியர் நாள்தோறும் வீட்டுப்பாடத்தைக் கேட்டு வாங்கினார். விடுதியிலோ இவற்றை நினைவூட்டுவார் எவரும் இலர். வகுப்பில் கேட்ட பாடம் அவருக்கு நன்கு விளங்குகிறது. ஆயினும் நூலைத் திறந்தால் ஒரே வரியைப் பன்முறை படிக்கிறார். ஐந்து பணிகளைத் தொடங்கி ஒன்றையும் முடிப்பதில்லை. ஒப்படைப்பைத் தர வேண்டிய நாள் கடந்த பின்னரே அது நினைவுக்கு வருகிறது. பிறர் அவரைச் சோம்பேறி என்கின்றனர். நாளடைவில் அவரும் அதனை நம்பத் தொடங்குகிறார்.

இத்தகைய இடர்ப்பாட்டுக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு காரணமாக இருத்தல் கூடும். இதனை ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கமாக வழங்குவர். 1902-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவுக்கூர்மை இருந்தும் கவனத்தை நிலைநிறுத்த இயலாத சிறுவர்களைப் பற்றி இலண்டனில் உரையாற்றினார். கவனத்தையும் செயல் திட்டமிடலையும் ஆளும் மூளைப் பகுதிகளின் செயற்பாட்டில் உள்ள வேறுபாட்டோடு இக்குறைபாடு தொடர்புடையது. நூறு சிறுவர்களுள் ஏறத்தாழ ஐவருக்கு இது காணப்படும் என்பது மருத்துவர் மதிப்பீடு. வளர்ந்த பின்னரும் பலரிடம் இது தொடர்கிறது. எனினும், கவனம் சிதறும் அனைவருக்கும் இக்குறைபாடு உண்டு எனக் கொள்ளலாகாது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றினவா, வீடு, கல்லூரி எனப் பல இடங்களிலும் இடர் தருகின்றனவா என ஆராய்ந்து மருத்துவரே முடிவு செய்வார்.

பள்ளியில் மறைந்திருந்த இடர் கல்லூரியில் வெளிப்படுவது ஏன்? வீட்டாரின் நினைவூட்டல்கள் அதுவரை மாணவரைத் தாங்கி நின்றன. அத்தாங்கல் திடீரென நீங்குகிறது. ஆகவே, நீங்கிய துணையை வேறு வடிவில் மீண்டும் அமைத்துக்கொள்வதே தீர்வின் தொடக்கம் ஆகும்.

அதற்கு எளிய வழிகள் சில உள. முதலாவது, நினைவில் வைக்க முயலாமல் எழுதி வைத்தல். ஒப்படைப்பு நாள்களைப் பெரிய நாள்காட்டியில் குறித்து, கண்ணில் படும் சுவரில் மாட்டலாம். இரண்டாவது, பெரும்பணியைச் சிறு கூறுகளாகப் பிரித்தல். 'கட்டுரை எழுத வேண்டும்' என்பதைவிட 'முதல் பத்தியை எழுத வேண்டும்' என்பது தொடங்குவதற்கு எளிது. மூன்றாவது, காலத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தல். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவிலான சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துப் படித்தார். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்னும் அவரது முறை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. நான்காவது, நண்பர் ஒருவரோடு நூலகத்தில் அமர்ந்து படித்தல். அருகில் ஒருவர் படித்துக்கொண்டிருப்பதே கவனத்துக்குத் துணையாகும். கைப்பேசியை எட்டாத இடத்தில் வைப்பதும், போதிய உறக்கமும், உடற்பயிற்சியும் இன்றியமையாதவை.

இவை போதாதபோது மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும். இதற்கென மருந்துகளும் பயிற்சிகளும் உள்ளன. மருத்துவர் எழுதித் தராமல் அம்மருந்துகளை உட்கொள்வதும், பிறரோடு பகிர்வதும் தீங்கு பயக்கும். இந்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் அதில் உரையாட இயலும்.

பறம்பு மலையை ஆண்ட பாரி, பற்றிப் படரக் கொம்பின்றித் தளர்ந்த முல்லைக்கொடியைக் கண்டான். ஏன் தளர்ந்தாய் என அதனைக் கடிந்துகொள்ளவில்லை. தன் தேரையே நிறுத்திச் சென்றான். கவனம் நிலைகொள்ளாமல் வருந்தும் தோழருக்கும் தேவைப்படுவது பழிச்சொல் அன்று. பற்றிப் படர ஒரு கொழுகொம்பே.

சிந்தித்து விடை எழுதுக

1. பள்ளியில் வெளிப்படாத இடர் கல்லூரியில் வெளிப்படக் காரணம் யாது?
2. கவனத்துக்குத் துணைபுரியும் வழிகளுள் இரண்டனை விளக்குக.
3. உம் வகுப்புத் தோழர் வீட்டுப்பாடத்தை அடிக்கடி மறந்துவிடுகிறார். அவருக்கு நீவிர் எவ்வாறு துணைபுரிவீர்? ஐந்து தொடர்களில் எழுதுக.