ஆறு ஆண்டு கழித்து என்ன மிச்சம்?

“அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்.” பேச்சு வராத பிள்ளையைப் பற்றித் தென்காசிப் பக்கத்து ஆச்சிமார் இப்படித்தான் தேற்றுவார்கள். பல வீடுகளில் அது பலித்தும் விடும். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம். அங்கே காத்திருப்பது நட்டம்.

சீக்கிரமே பயிற்சி கொடுத்தால் பலன் நிலைக்குமா? கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ், நாலு வயதுக்குட்பட்ட 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம் நடத்தைப் பயிற்சி கொடுத்து 1987-இல் முடிவை வெளியிட்டார். 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பைத் தாண்டியிருந்தார்கள். 1993-இல் வெளியான தொடராய்வில் அவர்களில் 8 பேர் அதே நிலையில் இருந்தார்கள். உலகம் வியந்தது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பயிற்சி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவில்லை. அந்தப் பயிற்சியில் அதட்டலும் அடியும் இருந்தன. இன்று ‘குணமாக்குகிறோம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிரிட்டனின் ‘பேக்ட்’ ஆய்வு. 152 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் பயிற்சி கொடுத்தார்கள்; அதுவும் பிள்ளைக்கு அல்ல, அம்மா அப்பாவுக்கு. பிள்ளையோடு விளையாடும் வீடியோவைப் போட்டுக் காட்டி, “இந்த இடத்தில் உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா?” என்கிற தினுசில் சொல்லிக்கொடுத்தார்கள். 2010-இல் வந்த முதல் முடிவு சுமார்தான். ஏறக்குறைய ஆறு ஆண்டு கழித்து 121 பிள்ளைகளை மறுபடி பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: கடுமையான அறிகுறி உள்ளவர்கள் பயிற்சிக் குழுவில் 46 சதவீதம், மற்றதில் 63 சதவீதம். பதற்றம் போன்ற மனநலச் சிக்கல்களில் வித்தியாசம் தெரியவில்லை. ஆட்டிசம் போய்விடவில்லை, அதன் கடுமை குறைந்தது.

இதே முறையைக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே செய்து பார்த்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பழகக் கற்றார்கள். பிள்ளைகளும் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது.

இந்த இடத்தில் ஆய்க்குடி நினைவுக்கு வருகிறது. குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்கள் பலர் எட்டிப் பார்க்காத ஊர். முதுகுத்தண்டில் அடிபட்டுக் கை கால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சித் தாமதமுள்ள ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அவர்கள் ஊரிலேயே தேடிப் போகிறது. மறுவாழ்வுப் பணியாளர்கள் வீட்டுக்கு வருவார்கள். நிபுணர்கள் ஒரு செயலி வழியாக வழிகாட்டுவார்கள். வாரம் 40 மணி நேரம் சென்னையில் தங்கிச் சிகிச்சை பார்க்க எத்தனை குடும்பத்துக்கு முடியும்? நம் மாவட்டங்களுக்குத் தோதான வழி இதுதான்.

ஒன்றரை வயதிலும் பிள்ளை பேருக்குத் திரும்பவில்லையா? அடுத்த தடுப்பூசி வரை தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள்.