அழகான திரை, படிக்க முடியாத எழுத்து

வீடியோ கேம் ஓடும் திரையில் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அடியில் இருப்பது கதை நடக்கும் உலகம். அதன்மேல் உயிர்ப்பட்டை, தோட்டா எண்ணிக்கை, மினிமேப், பணி விவரம் என்று பரப்பப்பட்டிருப்பது தகவல் அடுக்கு. இந்த அடுக்கும், ஆட்டத்தை நிறுத்தினால் விரியும் மெனுக்களும் சேர்ந்ததே இடைமுகம். எத்தனை தோட்டா மிச்சம், எந்தப் பக்கம் போக வேண்டும், இன்னும் ஓர் அடியைத் தாங்க முடியுமா என்று ஆடுபவர் மனதில் எழும் கேள்விகளுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்வது அதன் முதல் வேலை. அடியில் உள்ள உலகத்தின் அழகைக் கெடுக்காமல், முடிந்தால் அந்த அழகிலேயே கலந்து நிற்பது இரண்டாவது வேலை. இரண்டும் மோதும்போது முதல் வேலைக்கே முன்னுரிமை தர வேண்டும். பல கேம்களில் அது நடப்பதில்லை.

ஆர்கேட் காலத்தில் இந்த மோதலுக்கு இடமே இல்லை. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் மேலே புள்ளிகள், கீழே மிச்சமுள்ள உயிர்கள், அவ்வளவுதான். 1993இல் வந்த டூம்தான் கவனிக்க வேண்டிய முதல் கட்டம். அதன் திரை 320×200 பிக்சல்; அடியில் 32 வரிகளைத் தகவல் பட்டை எடுத்துக்கொண்டது. பட்டை மறைத்த இடத்தில் காட்சியை வரைய வேண்டியதில்லை என்பதால் மெதுவான கணினிகளுக்கு அது உதவியாகவும் அமைந்தது. பட்டையின் நடுவில் நாயகனின் முகம். அடி விழ விழ அதில் ரத்தம் வழியும். தாக்குதல் வந்த பக்கம் பார்வை திரும்பும். அருகிலேயே உயிரின் அளவு சதவீதமாகவும் தெரியும். அவசரத்தில் முகம் போதும், நிதானத்தில் எண் கிடைக்கும். ஒன்றை வைப்பதற்காக மற்றொன்றை எடுத்துவிடவில்லை என்பதே அந்த வடிவமைப்பின் சாமர்த்தியம். 30 ஆண்டுகள் கழித்தும் அதைவிடச் சிக்கனமான தீர்வுகள் அதிகம் வந்துவிடவில்லை.

இடைமுகத்தின் திறனை அளக்க எளிய வழி, ஒரு வேலையை முடிக்க எத்தனை முறை பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணுவது. 1998இல் வெளியான தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒகரினா ஆஃப் டைமில் நீர்க்கோயில் என்றொரு கட்டம் வரும். அடியில் இறங்க இரும்புக் காலணியை மாட்ட வேண்டும். மேலே வரக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி, மெனுவுக்குள் போய், காலணியை மாற்றி, திரும்பி வர வேண்டும். அந்தக் கோயில் ஆடியவர்களின் நினைவில் கசப்பாகவே தங்கிவிட்டது. 2011இல் கையடக்கக் கருவிக்காகச் செய்த மறுபதிப்பில் காலணியை ஒரு பொத்தானில் பொருத்திக்கொள்ள வழி வைத்தார்கள். ஒரே அழுத்தத்தில் மாட்டலாம், கழற்றலாம். புதிர்களை மாற்றாமலே கோயில் பாதி எளிதாகிவிட்டது.

2011இலேயே வந்த ஸ்கைரிம் அழகின் பக்கம் சாய்ந்த உதாரணம். அதன் இன்வென்டரியில், அதாவது சுமக்கும் பொருள்களின் மெனுவில், ஒவ்வொரு பொருளும் முப்பரிமாணத்தில் திரையில் சுழலும். வாளின் பொறிப்பைக்கூட ரசிக்கலாம். ஆனால் நூறு பொருள்களைச் சுமப்பவருக்கு வேண்டியது ரசனை அல்ல, பட்டியல். தொலைக்காட்சியையும் கன்ட்ரோலரையும் மனதில் வைத்துச் செய்த அந்த மெனு, மவுஸும் பெரிய மானிட்டரும் வைத்திருந்த கணினி ஆட்டக்காரர்களைச் சலிப்படைய வைத்தது. அவர்களில் சிலர் ஸ்கைஊஐ என்ற மாற்றுத் தொகுப்பை எழுதினார்கள். எடை, மதிப்பு, சேதம் என நெடுவரிசைகள், தேடுபெட்டி, வகைவாரியான அடுக்கு. பார்ப்பதற்குக் கணக்குப் பேரேடுதான். கணினியில் ஸ்கைரிம் ஆடுவோர் முதலில் நிறுவும் மாற்றங்களில் அதுவும் ஒன்றாகிப்போனது.

தகவலைத் திரையின் மேலே ஒட்டாமல் உலகத்துக்குள்ளேயே வைப்பது இந்த மோதலைத் தவிர்க்க ஒரு வழி. 2008இல் வந்த டெட் ஸ்பேஸ் இதற்கு எப்போதும் எடுத்துக்காட்டப்படும். நாயகன் விண்கலப் பொறியாளர். அவனுடைய உடையின் முதுகெலும்பு நெடுக ஒளிரும் பட்டைதான் உயிரின் அளவு. துப்பாக்கியால் குறிவைத்தால் தோட்டா எண்ணிக்கை அதன் மேலேயே ஒளியாகத் தெரியும். வழி தெரியாவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தினால் தரையில் கோடு ஓடும். இன்வென்டரியும் நாயகனின் முன் ஒளித்திரையாக விரியும். அந்த நேரத்தில் ஆட்டம் நிற்காது, பின்னாலிருந்து அரக்கன் வரலாம்.

இது ஏன் பலித்தது என்பதைப் பாராட்டுபவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. கேமரா எந்நேரமும் நாயகனின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. காட்ட வேண்டிய தகவலோ நான்கைந்துதான். கதை நடப்பது ஒளித்திரைகள் இயல்பாக இருக்கும் எதிர்காலத்தில். இந்த மூன்றும் கூடாத கேம்களில் இதே உத்தியைக் கையாண்டபோது ஆடுபவர்தான் திண்டாடினார். அதே ஆண்டின் ஃபார் கிரை 2இல் வரைபடம் நாயகனின் கையில் உள்ள காகிதம். ஜீப் ஓட்டிக்கொண்டே குனிந்து அதைப் பார்க்க வேண்டும். உண்மைக்கு நெருக்கம்தான், சாலையோர மரத்துக்கும் நெருக்கம். ஜர்னி (2012) இன்னும் துணிந்தது: பறக்க எவ்வளவு ஆற்றல் மிச்சம் என்பதை நாயகனின் சால்வையில் ஒளிரும் குறியீடுகளே சொல்லும். அந்த ஆட்டத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய அளவு அது ஒன்றுதான் என்பதால் குழப்பமில்லை. கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் (2020) மினிமேப்புக்குப் பதில் காற்று வழிகாட்டுகிறது. ஆனால் சண்டையில் உயிர்ப்பட்டை வழக்கம்போலத் திரையின் மூலையிலேயே இருக்கிறது. எதை உலகத்துக்குள் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று பிரித்துப் பார்த்த வடிவமைப்பு அது.

இன்னொரு வழி அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் நம்பகமானது: இடங்களை மாற்றாமல் வைத்துக்கொண்டு அலங்காரத்தை மட்டும் மாற்றுவது. ஸ்டார்கிராஃப்டில் (1998) மூன்று இனங்களுக்கும் மூன்று விதமான சட்டகங்கள். ஒன்று உலோகம், ஒன்று சதை, ஒன்று பொன். ஆனால் இடப்பக்கக் கீழ்மூலையில் மினிமேப், வலப்பக்கக் கீழ்மூலையில் 3×3 கட்டளைப் பொத்தான்கள் என்ற இடம் மாறவே மாறாது. இனம் மாறி ஆடினாலும் விரல் பழைய இடத்துக்கே போகும். பெர்சோனா 5 (2016) இதே விதியைக் கூச்சலோடு பின்பற்றுகிறது. சிவப்பும் கருப்பும் சாய்ந்த எழுத்துமாகத் திரை முழுக்க ஆர்ப்பாட்டம்; ஆனால் சண்டையில் தாக்குதல், தற்காப்பு, பொருள், பெர்சோனா என ஒவ்வொன்றுக்கும் தனிப் பொத்தான். பட்டியலில் மேலும் கீழும் நகர வேண்டியதில்லை. அவ்வளவு அலங்காரத்தைத் தாங்கும் வலு அந்த மெனுவுக்கு வந்தது அதனால்தான்.

இவ்வளவும் பட்டை, பொத்தான் பற்றியது. இடைமுகத்தில் உண்மையான தோல்வி நிகழும் இடம் எழுத்து. வடிவமைப்பு விருதுகளைப் பற்றிய பேச்சில் அது வருவதே இல்லை.

2006இல் உயர்தெளிவுத் தொலைக்காட்சிகள் பரவத் தொடங்கிய நேரம். அப்போது வந்த டெட் ரைசிங்கில் எங்கே, எந்த நேரத்துக்குள் போக வேண்டும் என்ற செய்தி வானொலிக் கருவி வழியாக எழுத்தில் மட்டுமே வரும். அந்த எழுத்து உயர்தெளிவுத் திரைக்கு அளவெடுத்தது. வீட்டில் பழைய டியூப் டிவி வைத்திருந்தவர்களுக்கு அது வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரிந்தது. நேரக் கெடுவை மையமாக வைத்த ஆட்டத்தில் கெடு என்னவென்றே படிக்க முடியவில்லை.

டியூப் டிவிகள் போனபின் தீர்ந்திருக்க வேண்டிய பிரச்சினை இது, தீரவில்லை. 2015இன் தி விட்சர் 3 வெளியானபோதும் எழுத்து சிறிது என்ற புகார் எழுந்து, பின்னால் வந்த திருத்தத்தில் பெரிதாக்கப்பட்டது. 2019இன் டெத் ஸ்ட்ராண்டிங்கிலும் அதே கதை. காரணம் எளிமையானது. கேமை உருவாக்குபவர் மானிட்டரிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்; ஆடுபவர் சோபாவில், 3 மீட்டர் தூரத்தில். ஒரே அளவுத் திரையாக இருந்தால் சோபாவில் இருப்பவருக்கு எழுத்து ஐந்தில் ஒரு பங்காகத்தான் தெரியும். உருவாக்கியவருக்கு அந்த வசனம் மனப்பாடம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனப்பாடமான வரியைக் கண் படிப்பதில்லை, அடையாளம் மட்டும் காண்கிறது. மெல்லிய சாம்பல் நிற எழுத்து நேர்த்தியாகத் தெரிவது அந்த நாற்காலியிலிருந்துதான்.

கன்சோல்களுக்கான அணுகல் வழிகாட்டி ஒன்று, 1080 வரிகள் கொண்ட திரையில் எழுத்து குறைந்தது 26 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. திரை உயரத்தில் இது சுமார் 2.4 சதவீதம். பெரிய கோரிக்கை அல்ல. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணையதளங்களுக்கு நெடுங்காலமாக உள்ள விதி. கேமில் பின்னணி அசைந்துகொண்டே இருக்கும்; பனிப்பிரதேசத்தில் வெள்ளை எழுத்து காணாமல் போகும். எழுத்துக்குப் பின்னால் ஒரு கருநிழல் பெட்டி போட்டால் தீர்ந்தது. காட்சியின் அழகு கெடுகிறது என்று அதையும் தவிர்ப்பவர்கள் உண்டு. நிறத்திலும் இதே அலட்சியம்தான். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு நிறக்குருடு இருக்கிறது. நண்பன் பச்சை, எதிரி சிவப்பு என்று மட்டும் காட்டும் வரைபடம் அவருக்குப் பயன்படாது. வடிவத்தையும் சேர்த்து மாற்றினால் போதும்.

திரை சுருங்கும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. சோபாவுக்கென எழுதிய கேமையே இப்போது 7 அங்குலக் கையடக்கக் கணினியிலும், அதைவிடச் சிறிய போனிலும் ஆடுகிறார்கள். போனில் இரண்டு கட்டைவிரல்கள் திரையின் கணிசமான பகுதியை மறைத்துவிடுகின்றன. மிச்ச இடத்தில்தான் எல்லாம். பப்ஜி மொபைல் (2018) போன்ற கேம்கள் பொத்தான்களின் இடத்தையும் அளவையும் ஆடுபவரே மாற்றிக்கொள்ள விட்டது சரியான முடிவு. எழுத்துக்கு அந்தச் சுதந்திரம் அரிதாகவே கிடைக்கிறது. தமிழில் வரும் கேம்கள் பெருகும்போது இது இன்னும் உறைக்கும்: சிறிய அளவில் முதலில் மறைவது புள்ளி. புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும்.

படிக்க முடியாத எழுத்தே ஆட்டத்தின் பொருளாக அமைந்த கேமும் உண்டு. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய வெண்பாவில் (2023), அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் சிதைந்துபோன இடங்களை ஊகித்துத்தான் இட்லி முதலான பண்டங்களைச் செய்ய வேண்டும். அங்கே மறைந்திருப்பது புதிர். எதை மறைப்பது என்று வடிவமைப்பாளர் முடிவு செய்திருக்கிறார். திரையைச் சுற்றியுள்ள மற்ற வாசகங்களைப் படிக்கத் தடையில்லை. தகவல் குறைந்தால்தான் உலகம் நிறைவாகத் தெரியும், தேடித் திணறுவதும் சுவைதான் என்ற வாதத்துக்கு இத்தகைய கேம்களிலும் திகில் கேம்களிலும் நியாயம் உண்டு.

மற்ற கேம்களில் எழுத்தின் அளவைத் தாமதமாகக் கவனிப்பதுதான் செலவை ஏற்றுகிறது. எழுத்து பெரிதானால் பெட்டி பெரிதாக வேண்டும். பெட்டி பெரிதானால் அதைச் சுற்றி வரைந்த சட்டகம் பொருந்தாது. மொழிபெயர்ப்பில் நீளும் வரிகள் அடுத்த கட்டத்தில் ஏறும். ஓவியர்கள் கைவைப்பதற்கு முன்பே, வெறும் சாம்பல் கட்டங்களாக மெனுவை அடுக்கி, சோபா தூரத்திலிருந்து படித்துப் பார்த்தால் இவ்வளவும் மிச்சம். அந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு டிவியும் கேமை முன்பு பார்த்திராத ஒருவரும்தான்.

கடைசியாக, மாற்றும் வசதி எங்கே இருக்கிறது என்பது. செட்டிங்ஸில் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அந்த செட்டிங்கை நான்கு மெனுக்களுக்கு அடியில், அதே பொடி எழுத்தில் வைத்திருக்கும் கேம்கள் இன்றும் வருகின்றன. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 (2020) வேறு வழியில் போனது. 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளை அது தந்தது. எழுத்தின் அளவும் அவற்றில் ஒன்று. உயர் வேறுபாட்டு முறையைப் போட்டால், ஓவியர்கள் பாடுபட்டு வரைந்த நகரம் முழுவதும் நிறமிழந்து சாம்பலாகிவிடும். அதில் கூட்டாளிகள் நீலமாகவும் எதிரிகள் சிவப்பாகவும் தெரிவார்கள். ஆட்டத்தின் நடுவிலேயே அதைப் போடலாம், எடுக்கலாம்.