தறியும் மருந்தாகும்

ஆரணியில் பட்டு நெய்பவர் குழித்தறியில் அமர்ந்திருக்கும்போது அவரது உடலில் எத்தனை உறுப்புகள் ஒருங்கே உழைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பாதம் மிதிக்கட்டையை அழுத்துகிறது. ஒரு கை நாடாவைச் செலுத்த, மற்றது பண்ணையை இழுத்து அடிக்கிறது. கண்ணோ அறுந்த இழையைத் தேடுகிறது. ஒரு வேலையை இவ்வாறு அசைவு அசைவாகப் பிரித்துக் காண்பதே தொழில்வழி மருத்துவத்தின் அடிப்படையாகும்.

தொழில் என்றவுடன் சம்பாத்தியத்தை மட்டும் கருதலாகாது. சோறு பிசைந்து உண்பதும், பொத்தான் மாட்டுவதும், பள்ளியில் எழுதுவதும் இத்துறையில் தொழில்களே. நோயால் கை சோர்ந்தவர்க்கு வெறும் பயிற்சி சலிப்பூட்டும். பழகிய, பயனுள்ள வேலையோ அவரை மீண்டும் மீண்டும் முயலச் செய்யும். 1917-இல் அமெரிக்காவில் இத்துறைக்குச் சங்கம் கண்டோர் இதனையே நம்பினர். நம் நாட்டில் 1950-இல் பம்பாயில் முதற் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர்; பிறப்பால் அவரும் அமெரிக்கரே.

ஆரணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில் இதற்கு அரியதொரு சான்று உண்டு. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். நிமிர்ந்த கை தானாகவே பிழைப்பைத் தேடித் தருமா? தராது. ஆகவே 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் எழுந்த புதுவாழ்வு நிலையத்தில் அவர்கள் மரவேலை பயின்றனர். அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. உணர்ச்சியற்ற கைக்கு வலி தெரியாது. உளியின் பிடி அழுத்திக் கொப்புளம் எழுந்தாலும் உரியவர் அறியார். நோயே விரல்களை அரித்துவிடுகிறது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. நாள்தோறும் கைகளைச் சோதித்தபோதுதான், பெருஞ்சேதம் உணரப்படாத காயங்களால் விளைகிறது என்பது தெளிவாயிற்று.

இத்தகைய அன்றாடக் கவனிப்பே உதவியாளரின் களம். நோயாளியை ஆராய்ந்து திட்டம் வகுப்பது சிகிச்சையாளரின் பொறுப்பு. அவரது மேற்பார்வையில் அதனை நடத்துவது உதவியாளரின் பணி. பக்கவாதத்திலிருந்து தேறிவரும் நெசவாளர் ஒருவரை முதல் நாளே தறிக்குழியில் இறக்கிவிடலாகாது. இராட்டையில் தார் சுற்றுவது முதற்படியாகலாம். பிடி தளர்ந்திருப்பின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கலாம். குழியில் இறங்கி ஏறுவதும் தனியே பயில வேண்டியதொன்று.

வீட்டார் அன்பு மிகுதியால் சோற்றை ஊட்டிவிடுவர். உதவியாளரோ, நடுங்கும் கை தானே வாயை அடையும்வரை அருகிருந்து காத்திருப்பார். இப்பணியில் மிகக் கடினமானது இக்காத்திருப்பே என்பது என் கருத்து. தோள் எத்தனை நிமிடத்தில் தளர்ந்தது, நலமுள்ள கை எப்போது வேலை முழுவதையும் பறித்துக்கொண்டது என்பனவற்றை அவர் குறித்துவைப்பார். அக்குறிப்பைப் பார்த்தே சிகிச்சையாளர் அடுத்த நாள் இருக்கையின் உயரத்தையோ வேலையின் அளவையோ மாற்றியமைப்பார்.