எந்த நிரை கிடைத்தது?

கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு வருகிறவர்கள் பச்சைச் சரிவுகளைப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தை எட்டிப் பார்ப்பவர் குறைவு. மூட்டை தராசில் ஏறியதும் எடை கணக்கில் ஏறும். வரிசையில் அடுத்து நிற்பவர் அந்த எண்ணைக் காதில் வாங்கிக்கொண்டு தன் மூட்டையை ஒருமுறை பார்த்துக்கொள்வார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இந்தத் தோட்டத்தை நடத்தும் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்தில் தமிழ்க் கைகள் கிள்ளிய கொழுந்தை, இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கத்தரியாலும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். எடைக் கணக்கு மட்டும் போகவில்லை.

புள்ளி, போட்டி, பரிசு எல்லாம் அந்தத் தராசடியில் இருக்கின்றன. விளையாட்டு என்ற பெயர்தான் இல்லை.

அலுவலகச் செயலிகளுக்கு அந்தப் பெயர் கிடைத்துவிட்டது: 'கேமிஃபிகேஷன்', அதாவது வேலையை விளையாட்டாக்குவது. பிரிட்டிஷ் நிரலர் நிக் பெல்லிங் 2002-இல் உருவாக்கிய சொல். பரவலாகப் புழங்கத் தொடங்கியது 2010 வாக்கில்தான். அதே 2010-இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் ஃபிரெஷ்டெஸ்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருள் அது. நாள் முழுக்க அடுத்தவர் கோபத்துக்குப் பதில் சொல்லும் வேலை எவ்வளவு சலிப்பானது என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு மருந்தாக 'ஆர்கேட்' என்ற பகுதியைச் சேர்த்தார்கள். புகாரை விரைவில் முடித்தால் புள்ளி. வாடிக்கையாளர் மகிழ்ந்தால் புள்ளி. தாமதமானால் புள்ளி குறையும். 'பிகினர்' படியில் தொடங்கி 'குரு' வரை ஏறலாம். உச்சிப்படிக்குக் 'குரு' என்று பெயர் வைத்ததில் நம் ஊர் வாசனை இருப்பதாகத் தோன்றலாம். ஆங்கிலம் அந்தச் சொல்லை எப்போதோ தனதாக்கிக்கொண்டுவிட்டது.

வேகத்துக்கு மட்டும் புள்ளி கொடுத்திருந்தால், ஊழியர்கள் புகாரைத் தீர்க்காமலே மூடியிருப்பார்கள். வாடிக்கையாளரின் மனநிறைவையும் கணக்கில் சேர்த்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

எல்லா இடத்திலும் அந்தக் கெட்டிக்காரத்தனம் இருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் அனாஹைம் நகரத்து டிஸ்னி ஹோட்டல்களின் சலவைக்கூடங்களில் ஊழியரின் பெயரையும் வேலை வேகத்தையும் பெரிய திரையில் ஓடவிட்டார்கள். கழிப்பறைக்குப் போனாலும் எண் இறங்கிவிடுமே என்று சிலர் அதையும் தள்ளிப்போட்டதாக 2011-இல் செய்தி வந்தது. அந்தத் திரைக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'மின்சாரச் சாட்டை'. மறு ஆண்டே கார்ட்னர் ஆய்வு நிறுவனம், வேலையை விளையாட்டாக்கும் செயலிகளில் 80 சதவீதம் மோசமான வடிவமைப்பால் 2014-க்குள் இலக்கைத் தவறவிடும் என்று கணித்தது.

வடிவமைப்பில் தவறுவது எங்கே என்பதைத் தேயிலைக் காட்டில் நின்றவர் எளிதாகச் சொல்லிவிடுவார். எடை எவ்வளவு என்பதற்கு முன், எந்த நிரை, அதாவது எந்தச் செடி வரிசை, கிடைத்தது என்று கேட்க வேண்டும். செங்குத்துச் சரிவில் கால் வழுக்க வெட்டியவரையும், சமதரையில் தளதளவென்று துளிர்த்த நிரை கிடைத்தவரையும் ஒரே பட்டியலில் போட்டால் முதலிடம் யாருக்கு என்று முன்கூட்டியே தெரியும். யார் நிறுக்கிறார் என்பது அடுத்த கேள்வி. இலங்கை மலையகத்தில் நிறுவையில் கிலோ கழிப்பது நெடுநாள் தகராறு.

புகார் மேசையிலும் நிரையின் கதை இதேதான். கடவுச்சொல் மறந்தவரின் புகார் சமதரை, பணம் காணாமல் போனவரின் புகார் செங்குத்து. புள்ளி இரண்டுக்கும் ஒன்றானால் முதலாவதை எடுக்க ஆள் முந்தும். ஆர்கேடில் மேலாளர் தனியாக 'குவெஸ்ட்' அமைக்கலாம்: இன்ன வகைப் புகாரை இத்தனை முடித்தால் கூடுதல் புள்ளி என்று. யாரும் தொடாத செங்குத்து நிரைக்குக் கூடுதல் காசு பேசி ஆள் அனுப்புவது மாதிரி.