உருளைக்கிழங்கு வேரைக் கரைக்கும் நுண்புழு

கமக்காரர்களே! மழையும் பசளையும் போதியளவு கிடைத்தும், உருளைக்கிழங்கு நிலத்தில் ஓரிடத்துச் செடிகள் மாத்திரம் குன்றி, மஞ்சளித்து, நடுப்பகலில் வாடுமாயின், மேலும் பசளையிடற்க. செடியொன்றை மெதுவாகத் தோண்டி வேரைப் பாருங்கள். பூக்கும் பருவத்தில் குண்டூசித் தலையிலும் சிறிய வெண்ணிற அல்லது பொன்னிற மணிகள் வேரில் ஒட்டியிருப்பின், அது பொன்னிற வட்டப்புழுவின் வேலையாகும். நுவரெலியா மாவட்டத்தில் இப்புழு உண்டு.

கண்ணுக்குப் புலப்படாத இப்புழுக்குஞ்சிற்குப் பல் இல்லை. வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பே உண்டு. அவ்வாறாயின் அது வேரினுள் எங்ஙனம் புகுகின்றது? செடியின் கலச்சுவரை வரிச்சுச் சுவருக்கு ஒப்பிடலாம். செலுலோசு என்பது வரிச்சு. பெத்தின் என்பது அதன்மேல் அப்பிய களிமண். புழு, தன் ஊசி வழியே நொதியங்கள் கலந்த நீரைச் செலுத்தி, இவ்விரண்டையும் கரைத்து வழி செய்கின்றது. மாடுகூட வைக்கோலின் செலுலோசைத் தன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களின் உதவியாலேயே செரிக்கின்றது. இப்புழுவோ அந்நொதியத்தைத் தானே ஆக்குகின்றதென 1998 இல் விஞ்ஞானிகள் நிறுவினர்.

உட்புகுந்த புழு, வேர்க்கலங்கள் பலவற்றை ஒன்றாக்கித் தன் உணவுக் களஞ்சியமாக்கிக் கொள்கின்றது. பெண்புழு பருத்து இறந்தபின், அதன் தோலே கடினமான கூடாகின்றது. ஒரு கூட்டில் 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். அவை மண்ணில் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்கக்கூடும். உருளைக்கிழங்கு, தக்காளி வேர்களின் கசிவு பட்டதும் பெருமளவிற் பொரிக்கும். ஒருமுறை புகுந்தபின் இதனை முற்றாக ஒழித்தல் அரிது. ஆதலால் வருமுன் காத்தலே அறிவுடைமை.

செய்ய வேண்டியவை:

1. நோயற்ற நிலத்தில் விளைந்த, அத்தாட்சி பெற்ற விதைக்கிழங்கையே நடுக.

2. லயங்களை அடுத்த பாத்திகளிற் பலர் ஒரே மண்வெட்டியைப் பயன்படுத்துவதுண்டு. மண்வெட்டியையும் பாதணியையும் மண் போகக் கழுவிய பின்னரே அடுத்த பாத்திக்குச் செல்க.

3. உருளைக்கிழங்கை அடுத்தடுத்துப் பயிரிடாது, கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி ஆகியவற்றை மாற்றிப் பயிரிடுக. தக்காளியும் கத்தரியும் இதற்கு உதவா. அவையும் இப்புழுவிற்கு உணவாம். வயலில் உருளைக்கிழங்கு நடுவோர் இடையே நெல் விதைத்தல் நன்று. நெல்லை இப்புழு உண்ணாது.

4. தானாக முளைத்த உருளைக்கிழங்குச் செடிகளை உடனே பிடுங்குக.

ஐயமிருப்பின், வேரையும் ஒரு பிடி மண்ணையும் பையிலிட்டு இறுகக் கட்டி, உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.