இலங்கையின் உயரமான மலை எது?

சென்னையின் பாலவாக்கம் கடற்கரையில் அலை காலை நனைக்கும் இடம் ஏறக்குறைய பூஜ்ய மீட்டர். எந்த மலையின் உயரத்தையும் இந்தச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்துதான் எண்ணுகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டால் இலங்கை மலைகளைப் பற்றிய ஒரு குழப்பம் தீரும்.

இலங்கையில் உயரமான மலை எது என்று கேட்டால், நம்மில் பலர் சிவனொளிபாத மலை என்போம். அது 2,243 மீட்டர். முதல் மூன்று இடங்களுக்குள்கூட வராது. முதலிடம் 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகாலைக்கு. அடுத்தவை கிரிகல்பொத்த (2,388), தொட்டுபொலகந்த (2,357). நம் ஊட்டி நகரமே சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே மார்க்கெட்டில் கேரட் வாங்குகிறவரும், சிவனொளிபாத மலையுச்சியில் சூரியோதயத்துக்குக் காத்திருக்கும் பக்தரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்தான் நிற்கிறார்கள்!

அப்படியென்றால் அது ஏன் அத்தனை பெரிதாகத் தெரிகிறது? நிற்கும் இடம் அப்படி. மலைநாட்டின் மேற்கு விளிம்பில், தாழ்நிலத்தைப் பார்த்தபடி தனிக் கூம்பாக எழும்பியிருக்கிறது. அந்தக் காலத்து மாலுமிகள் கடலிலிருந்தே அதை அடையாளம் கண்டார்கள். 14ஆம் நூற்றாண்டில் பயணி இபின் பதூதா அதில் ஏறியிருக்கிறார். புத்தர், சிவன், ஆதாம் என்று உச்சியிலுள்ள பாதச்சுவட்டை ஒவ்வொரு சமயத்தாரும் தமக்குரியதாக வணங்குகிறார்கள். அடிவாரத்து ஊரான நல்லதண்ணி பக்கமிருந்து ஏறுகிறவர் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தைப் படிப்படியாகக் கடக்க வேண்டும். முழங்கால் அந்தக் கணக்கைச் சரியாகவே சொல்லும்.

பீதுருதாலகாலையின் கதை வேறு. அதன் அடியிலுள்ள நுவரெலியா நகரமே 1,868 மீட்டரில் இருப்பதால், கண்ணுக்குத் தெரியும் மலை சுமார் 650 மீட்டர்தான். கிரிகல்பொத்தவும் தொட்டுபொலகந்தவும் ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கின்றன. அந்தச் சமவெளியே 2,000 மீட்டருக்கு மேல். அங்கிருந்து பார்த்தால் நாட்டின் இரண்டாவது, மூன்றாவது சிகரங்கள் சாதாரணக் குன்றுகள்தான்.

போக நினைப்பவர்களுக்கு: பீதுருதாலகாலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்களும் ராணுவப் பாதுகாப்பும் உண்டு, நினைத்தபடி நடந்து ஏற முடியாது. கிரிகல்பொத்தவுக்கு நெடுநடை. தொட்டுபொலகந்த மூன்றிலும் எளிது, குழந்தைகளோடு போகலாம். சிவனொளிபாத யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை. மற்ற மாதங்களில் மழையும் காற்றும் கடுமை.