பாவனாரிஷி கதைச் சுருள்

தாமரைத் தண்டிலிருந்து நூலெடுத்துத் தேவர்களுக்கு முதன்முதலில் ஆடை நெய்தவர் பாவனாரிஷி என்பது தெலங்கானாவின் பத்மசாலி நெசவாளர்களின் குலக்கதை. அதைப் பாடிவரும் கூனபுலிக் கலைஞர்கள், நகாஷி ஓவியர்கள் தீட்டிய நீண்ட துணிச் சுருளைப் பிரித்துக் காட்டியபடியே கதை சொல்வார்கள். காட்சிகள் மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாக இறங்கும். நடுவே பூக்கரை ஓடும்.

கதர்த் துணிமீது அரிசிக்கஞ்சி, வெள்ளை மண், புளியங்கொட்டைப் பசை, பிசின் நீர் கலந்த பூச்சை மூன்று முறை ஏற்றிக் காயவிட்ட பிறகே தூரிகை படும். பின்னணியை நிறைக்கும் அடர்சிவப்பே இந்த ஓவியப் பாணியின் அடையாளம். துணியை அறிந்த நெசவாளர்கள் முன் விரிக்கப்படும் படம் இது; மாந்தர் உடுத்தியிருக்கும் ஆடைகளின் கரையையும் பூவேலையையும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். செரியால் ஊரின் பெயரால் வழங்கும் இந்தச் சுருள் ஓவியம் புவிசார் குறியீடு பெற்றது.